முதல் குற்றத்துக்கே பத்தாண்டுச் சிறை: யாருக்கு இந்தக் கடுமை?

ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் மாவட்டங்களின் மலைகளிலிருந்தும் ஆந்திராவின் அல்லூரி சீதாராம ராஜு மாவட்டத்துக் காடுகளிலிருந்தும் சமவெளிக்கு இறங்கும் கஞ்சாவைச் சுமந்து வருபவர், பெரும்பாலும் அதன் சொந்தக்காரராக இருப்பதில்லை. நிலமற்ற ஓர் ஆதிவாசி இளைஞராகவோ, கடன்பட்ட ஓர் ஆட்டோ ஓட்டுநராகவோ, கணவரை இழந்த ஒரு பெண்ணாகவோ இருப்பார். சில ஆயிரம் ரூபாய் கூலிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்திலோ ரயிலிலோ ஏறுகிறார். தமிழகத்தில் ‘குருவி’ என்று சொல்லப்படும் வேலை இது. சோதனைச் சாவடியில் பிடிபடுகிறவரும் இவர்தான். பையைக் கொடுத்தவரைப் பற்றி இவருக்குத் தெரிந்திருப்பது பெரும்பாலும் ஒரு கைப்பேசி எண் மட்டுமே. சாவடி வரை வந்த காவல்துறை அந்த எண்ணின் மறுமுனை வரை செல்வது அரிது.

பை தராசில் ஏறுகிறது. எடை 20 கிலோவைத் தாண்டாவிட்டால் தண்டனை 10 ஆண்டு வரை போகலாம். ஆனால் குறைந்தபட்ச வரம்பு கிடையாது. நீதிபதி ஆளைப் பார்த்து, சூழ்நிலையைப் பார்த்து ஓராண்டோ ஈராண்டோ விதிக்கலாம். 20 கிலோவைத் தாண்டிவிட்டால் அது ‘வணிக அளவு’. அதன்பின் 10 ஆண்டுக்குக் குறையாத, 20 ஆண்டு வரை நீளக்கூடிய கடுங்காவல். குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதம். பிடிபட்டவர் அதற்கு முன் வாழ்நாளில் ஒருமுறையேனும் குற்ற வழக்கில் சிக்கியவரா என்று கேட்கலாம். ‘இல்லை’ என்ற விடை அந்தப் பத்தாண்டிலிருந்து ஒரு நாளைக்கூடக் குறைக்காது.

போதைப்பொருளை எதிர்த்துத் தெருவில் இறங்கிப் போராடும் இயக்கத்துக்கு இது சங்கடமான விஷயம். பஞ்சாபிலும் கேரளத்திலும் தமிழகத்திலும் வாலிபர், மாணவர், மாதர் அமைப்புகள் பள்ளி வாசல்களிலும் குடியிருப்புகளிலும் நடத்தும் பிரச்சாரம் நியாயமானது, அவசியமானது. மகனை இழந்த தாயின் முன் நின்றுகொண்டு குற்றவாளியின் உரிமையைப் பற்றிப் பேசுவது எளிதன்று. அங்கே எழும் முதல் முழக்கம் ‘கடும் தண்டனை கொடு’ என்பதாகவே இருக்கும். ஆனால் அந்தக் கடுமை 1985 முதல் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளில் அது யார் தலையில் விழுந்தது என்பதைப் பார்க்காமல் அந்த முழக்கத்தை வழிமொழிவது, உழைக்கும் மக்களின் கட்சிக்குப் பொருந்தாது.

மூன்றாண்டு உச்சவரம்பிலிருந்து பத்தாண்டு அடித்தளத்துக்கு

கிழக்கிந்தியக் கம்பெனியும் பிரிட்டிஷ் அரசும் பாட்னாவிலும் காசிப்பூரிலும் அபினைக் காய்ச்சிச் சீனாவுக்கு விற்றுக் கஜானாவை நிரப்பிய காலத்தில், அபின் சட்டங்களின் அக்கறை மக்களின் உடல்நலம் அன்று, அரசின் ஏகபோகம். 1930ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டம் வந்தபோதும் முதல் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டுதான். மீண்டும் செய்தால் நான்காண்டு. குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இருக்கவில்லை.

1985இல் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. ஆகஸ்ட்டில் மசோதா அறிமுகமானது. செப்டம்பர் 16 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. நவம்பர் 14 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தின் உச்சவரம்பு மூன்றாண்டு. புதிய சட்டத்தில் பெரும்பாலான குற்றங்களுக்கு அடித்தளமே பத்தாண்டு. 1989இல் மேலும் இறுக்கினார்கள். ஜாமீனுக்குத் தடை, தண்டனைக் கழிவுக்குத் தடை, சில குற்றங்களை மீண்டும் செய்தால் கட்டாய மரண தண்டனை ஆகிய மூன்றும் அந்த ஒரே திருத்தத்தில் நுழைந்தன.

சில கிராம் ஹெராயினுடன் பிடிபட்ட அடிமைநோயாளியும், ‘சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தேன்’ என்று தானே நிரூபிக்க முடியாவிட்டால், கடத்தல்காரரோடு சேர்த்துப் பத்தாண்டுக்கு அனுப்பப்பட்டார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 2001இல், இந்த அநியாயத்தை அரசே ஒப்புக்கொண்டு சிறிய அளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு என்ற மூன்று படிகளை ஏற்படுத்தியது. பெருமளவில் கடத்துபவருக்குக் கடுமை, அடிமைப்பட்டவருக்கும் சிறு குற்றம் செய்தவருக்கும் குறைந்த தண்டனை என்பதே திருத்தத்தின் நோக்கமாகச் சொல்லப்பட்டது. நோக்கம் சரிதான். ஆனால் அதை நிறைவேற்றும் பொறுப்பை நீதிபதியிடம் கொடுக்காமல் தராசிடம் கொடுத்தார்கள்.

ஏற்றலாம், இறக்கக் கூடாது

அந்தத் திருத்தத்தோடு வந்த 32பி பிரிவைப் படித்தால் சட்டத்தின் மனநிலை புரியும். குறைந்தபட்சத் தண்டனைக்கு மேல் விதிப்பதற்கு நீதிபதி கவனத்தில் கொள்ள வேண்டிய அம்சங்களை அது வரிசைப்படுத்துகிறது: ஆயுதம் பயன்படுத்தினாரா, அரசு ஊழியராக இருந்து பதவியைப் பயன்படுத்தினாரா, சிறுவர்களை ஈடுபடுத்தினாரா, பள்ளி வளாகத்தில் நடந்ததா, சர்வதேசக் குற்றக் கும்பலைச் சேர்ந்தவரா. எல்லாம் நியாயமான கேள்விகள். அப்படியானால் முதல் குற்றமா, வெறும் கூலிக்குச் சுமந்தவரா, மிரட்டலுக்கோ கடனுக்கோ பணிந்தவரா, பையில் என்ன அளவு இருந்தது என்று தெரிந்தவரா என்ற கேள்விகளும் எங்காவது இருக்க வேண்டும். குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்குவதற்கான பிரிவு எங்கும் இல்லை. ஏணி மேலே போக மட்டுமே வைக்கப்பட்டிருக்கிறது.

இதைவிட நேரடியாக முதல் குற்றவாளியைத் தாக்குவது 33ஆம் பிரிவு. முதன்முறை தவறியவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடுவதற்காகவே 1958இல் நன்னடத்தைச் சட்டம் இயற்றப்பட்டது. பழக்கப்பட்ட குற்றவாளிகளோடு அடைத்து ஓர் இளைஞரை அவர்களில் ஒருவராக மாற்றிவிடக் கூடாது என்பதே அதன் அடிப்படை. திருட்டு வழக்கில் முதன்முறை சிக்கியவர் அதன்கீழ் விண்ணப்பிக்கலாம். போதைப்பொருள் வழக்கில், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரையும் 26, 27 பிரிவுகளின்கீழ் வரும் குற்றங்களையும் தவிர, அந்தக் கதவை 33ஆம் பிரிவு மூடிவிட்டது. ‘மீண்டும் செய்தவருக்குக் கூடுதல் தண்டனை’ என்று 31ஆம் பிரிவில் முதல் குற்றத்தையும் மறு குற்றத்தையும் வேறுபடுத்தத் தெரிந்த சட்டத்துக்கு, கருணை காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் அந்த வேறுபாடு தெரிவதில்லை.

சதி செய்தவர், உடந்தையாக இருந்தவர், முயற்சி செய்தவர் எல்லோருக்கும் முழுக் குற்றத்துக்கான தண்டனையே என்கின்றன 28, 29 பிரிவுகள். பெரிய முதலாளியை வளைப்பதற்கான ஏற்பாடு என்று இதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. முதலாளி வளையவில்லை; வாகனத்தில் உடன் உட்கார்ந்திருந்த மைத்துனரும் வாடகைக்கு எடுக்கப்பட்ட ஓட்டுநருமே வளைந்தார்கள். பொருள் கையில் இருந்தது என்று நிறுவப்பட்டால் குற்ற மனநிலை இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு. இல்லை என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் சுமை. கொலை வழக்கில்கூட அரசுத் தரப்பின் தோளில் இருக்கும் சுமை இது.

2007இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து உச்சநீதிமன்றத்துக்கு வந்த ஒரு மேல்முறையீடு இந்த நிலையைத் தெளிவாகக் காட்டுகிறது. பத்தாண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மேலும் மூன்றாண்டு என்பது தண்டனை. அவர் ஏழை, பொருளைச் சுமந்தவர் மட்டுமே, இது முதல் குற்றம் என்று வாதிடப்பட்டது. நீதிமன்றத்தின் மனம் இளகியது. ஆனால் அபராதத்துக்குப் பதிலான மூன்றாண்டை ஆறு மாதமாகக் குறைக்க மட்டுமே அதனால் முடிந்தது. பத்தாண்டு அப்படியே நின்றது.

தராசின் தர்க்கம்

எடைதான் அளவுகோல் என்றால் அந்த எடையாவது சரியாக இருக்கிறதா? ஹெராயினில் 250 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. 2008இல் ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் நியாயமான ஒரு விதியை வகுத்தது: கலப்படத்தை நீக்கி, உண்மையான போதைப்பொருளின் அளவை மட்டுமே கணக்கிட வேண்டும். அந்த வழக்கில் நான்கு கிலோவுக்கு மேற்பட்ட பொடியில் ஹெராயின் சுமார் 60 கிராம்தான் இருந்தது. பத்தாண்டுத் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. அடுத்த ஆண்டே, 2009 நவம்பரில், ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கையின் மூலம் முழுக் கலவையின் எடையே கணக்கு என்று மாற்றியது. 2020 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை ஏற்று, 2008 தீர்ப்பை ரத்து செய்தது.

தெருவில் விற்கப்படும் பொடியிலும் பொருள் கேடு விளைவிப்பதே. சில நேரம் கலப்படமே கொல்கிறது. அந்த வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் இந்த விதியின் வர்க்கத் தன்மை கவனிக்கத் தக்கது. சரக்கு எல்லை கடந்து வரும்போது வீரியம் அதிகம், எடை குறைவு. கை மாறக் கைமாறக் கலப்படம் ஏறுகிறது, எடையும் ஏறுகிறது. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கும் சில்லறை விற்பனையாளரும் அவரிடம் வாங்கி வைத்திருக்கும் அடிமைநோயாளியும் சுமப்பது பெரும்பாலும் சுண்ணாம்புப் பொடியும் மாத்திரைத் தூளும்தான். சட்டம் அந்தச் சுண்ணாம்பையும் ஹெராயினாக நிறுத்துத் தண்டிக்கிறது. கஞ்சாவில் நிலைமை வேறு விதம். பூவும் காயும் கொண்ட நுனிப் பகுதியே சட்டத்தின்படி கஞ்சா. தனியாக இருக்கும் இலையும் விதையும் சேராது. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற கடைகளில் அதே செடியின் இலை பாங்காக விற்கிறது. சோதனைச் சாவடியிலோ தண்டு, இலை, ஈரம் எல்லாம் சேர்த்து மூட்டை நிறுக்கப்படுகிறது. 19 கிலோ 21 கிலோவாவதற்கு ஒரு மழைக்கால ஈரம் போதும்.

வணிக அளவுக்கு மேலே சட்டத்துக்குக் கண் தெரிவதில்லை. 251 கிராம் பொடிக்கு எந்தத் தண்டனை வரம்போ அதுவேதான் மூன்று டன் ஹெராயினுக்கும்.

தீர்ப்புக்கு முன்பே முடிந்துவிடும் தண்டனை

வணிக அளவு வழக்கில் ஜாமீன் வேண்டுமானால் 37ஆம் பிரிவின் இரட்டைச் சுவரைத் தாண்ட வேண்டும். குற்றம் செய்திருக்கவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதி கருத வேண்டும். வெளியே வந்தால் எந்தக் குற்றமும் செய்ய மாட்டார் என்றும் கருத வேண்டும். விசாரணை தொடங்கும் முன்பே நிரபராதி என்று காட்டியாக வேண்டும்! அதற்கு நல்ல வழக்கறிஞர் வேண்டும். 2021 அக்டோபரில் மும்பையில் நாடறிந்த இந்தி நடிகரின் மகன் கைதானபோது, அவரிடம் போதைப்பொருள் எதுவும் கைப்பற்றப்படவில்லை. முன்னாள் அட்டர்னி ஜெனரல் உயர்நீதிமன்றத்தில் வாதாடிய பிறகும் அவர் மூன்று வாரங்களுக்கு மேல் உள்ளே இருக்க நேர்ந்தது. 2022 மே மாதம் அவர்மீது ஆதாரம் இல்லை என்று விசாரணை அமைப்பே கைவிட்டது. ஓர் இளைஞரை அரசியல் காட்சிப் பொருளாக்கிய அந்த நடவடிக்கை கண்டிக்கத்தக்கதே. அத்தகைய வழக்கறிஞர்கள் இல்லாதவருக்கு வாரங்கள் ஆண்டுகளாகின்றன.

உச்சநீதிமன்றத்தின் பதிவுகளே இதற்குச் சான்று. 1994இல், பத்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனைக்குரிய வழக்குகளில் ஐந்தாண்டு விசாரணைக் கைதியாகக் கழித்தவர்களை ஜாமீனில் விடச் சொன்னது. அதற்கும் ஒரு லட்சம் ரூபாய்ப் பிணை, இரண்டு ஜாமீன்தாரர்கள். 2013இல் அதன்முன் வந்த ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிறையில் விசாரணைக்குக் காத்திருந்தவர். 2023 மார்ச்சில், கைதாகும்போது 23 வயதான ஒருவருக்கு, ஏழாண்டுக்கு மேல் சிறையில் கழித்த பிறகு ஜாமீன் வழங்கிய நீதிபதிகள் எஸ்.ரவீந்திர பட், தீபாங்கர் தத்தா அமர்வு, நீளும் விசாரணைச் சிறை ஏழைகளையே மிகக் கொடூரமாகத் தாக்குகிறது, வேலை போகிறது, குடும்பம் சிதறுகிறது என்று வருந்தியது. வருத்தம் உண்மையானது, ஆனால் 37ஆம் பிரிவு நிற்கிறது.

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முதல் குற்றவாளிகளுக்கு ஒரு சலுகை இருப்பதாக ஒன்றிய அரசு பெருமைப்பட்டுக்கொள்கிறது. முன்பு தண்டனை பெறாத விசாரணைக் கைதி, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் விடுவிக்கப்பட வேண்டும் என்கிறது 479ஆம் பிரிவு. வணிக அளவு வழக்கில் அதிகபட்சம் 20 ஆண்டு. அந்தச் சலுகை முழுமையாகக் கிடைத்தாலும், தீர்ப்பே இல்லாமல் 6 ஆண்டு 8 மாதம் சிறை. மேலும் ஒரு வழக்கு நிலுவையில் இருந்தால் அதுவும் இல்லை. 2022ஆம் ஆண்டின் சிறைப் புள்ளிவிவரத்தின்படி நாட்டிலுள்ள 5,73,220 கைதிகளில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தாறு பேர். அவர்களில் பெரும்பாலோர் தலித், ஆதிவாசி, பிற்படுத்தப்பட்ட மக்கள்.

தண்டனை விதிக்கப்பட்டவருக்கும் 32ஏ பிரிவு காத்திருக்கிறது. 27ஆம் பிரிவின் சிறு குற்றம் நீங்கலாக, இந்தச் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட எந்தத் தண்டனைக்கும் கழிவு கிடையாது. தண்டனையை நிறுத்திவைக்கும் நீதிமன்ற அதிகாரத்தை 2000ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் மீட்டுக்கொடுத்தது. கழிவுக்கான தடை அப்படியே தொடர்ந்தது. சிறையில் உழைத்து, ஒழுங்காக நடந்து, எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாலும் பத்தாண்டு பத்தாண்டுதான். பில்கிஸ் பானு வழக்கில் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கும் கொலைகளுக்கும் ஆயுள் தண்டனை பெற்ற பதினொரு பேரை, 2022 ஆகஸ்ட் 15 அன்று ‘நன்னடத்தை’ என்று சொல்லி விடுவித்தது குஜராத் பாஜக அரசு. தோழர் சுபாஷிணி அலி உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளில் 2024 ஜனவரி 8 அன்று உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்ய வேண்டியிருந்தது. கொலைக்கும் வன்கொடுமைக்கும் நன்னடத்தை எண்ணப்படும் நாட்டில், முதன்முறை கஞ்சாப் பை சுமந்த ஆதிவாசியின் நன்னடத்தையை எண்ணுவதற்குச் சட்டம் தடை.

மறந்துபோன ஓர் எழுத்து

மேல் தட்டில் என்ன நடந்தது? போதைப்பொருள் வணிகத்துக்கு நிதி கொடுப்பவர்களைத் தண்டிப்பதே 27ஏ பிரிவு. உண்மையான முதலாளிகளுக்கு எதிரான ஒரே நேரடி ஆயுதம் அது. 2014இல் சட்டத்தைத் திருத்தியபோது வரையறைப் பிரிவில் ஓர் உட்பிரிவின் எழுத்து மாறியது. அதைச் சுட்டும் 27ஏ பிரிவில் பழைய எழுத்தே தங்கிவிட்டது. விளைவு, நிதி கொடுப்பவரைத் தண்டிக்கும் பிரிவு இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டு ஏழாண்டு வெறுமையாகக் கிடந்தது. 2021இல் திரிபுரா உயர்நீதிமன்றம் சுட்டிக்காட்டிய பிறகே ஒன்றிய அரசு விழித்தது. செப்டம்பர் 30 அன்று அவசரச் சட்டம். டிசம்பரில் நாடாளுமன்றத்தில் திருத்தம். அதையும் 2014 மே முதல் பின்தேதியிட்டு, குற்றவியல் சட்டத்தின் அடிப்படை நெறிக்கே முரணாக. எழுத்துப் பிழை யாருக்கும் நேரலாம். ஏழாண்டு அது திருத்தப்படாமல் இருந்ததே செய்தி. அன்றாடம் பயன்படும் கருவி மழுங்கினால் அன்றே தெரிந்திருக்கும்.

அதே செப்டம்பரில்தான் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு கொள்கலன்களில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக, டால்க் கற்கள் என்ற பெயரில் வந்த சரக்கு. துறைமுகத்தை நடத்துவது அதானி குழுமம். கொள்கலன்களைத் திறந்து சோதிக்கும் அதிகாரம் துறைமுக நடத்துநருக்கு இல்லை என்று அது விளக்கம் தந்தது. சட்டப்படி அந்த விளக்கம் சரியாகவே இருக்கலாம். பையில் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்று சொல்லும் ஆட்டோ ஓட்டுநருக்கும் அதே பொறுமையோடு காது கொடுக்கப்படுமானால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

2020ஆம் ஆண்டில் இந்தச் சட்டத்தின்கீழ் பதிவான 59,806 வழக்குகளில் 33,246 வழக்குகள் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததாகத் தொடுக்கப்பட்டவை என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். பாதிக்கு மேல் நோயாளிகள் மீதான வழக்குகள். மறுபக்கம், சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு, அபின் வகைப் போதையால் உதவி தேவைப்படும் நிலைக்குச் சென்றவர்கள் 77 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் இருபதில் ஒருவருக்கே உள்நோயாளிச் சிகிச்சை கிடைத்திருந்தது. சிகிச்சைக்கு முன்வருபவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கும் 64ஏ பிரிவும், தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பும் 39ஆம் பிரிவும் சட்டத்திலேயே இருக்கின்றன. மருத்துவமனைப் படுக்கை இல்லாத மாவட்டத்தில் அந்தப் பிரிவுகளை வைத்துக்கொண்டு நீதிபதி என்ன செய்வார்? சுகாதாரத்துக்குப் பணம் ஒதுக்காத அரசு, சிறைக்குச் செலவிட்டு அந்த இடத்தை நிரப்புகிறது.

தண்டனையைத் தளர்த்தினால் கடத்தல் கும்பல்கள் ‘குருவி’களையே மேலும் பயன்படுத்தும் என்பது நேர்மையான ஆட்சேபம்தான். ஆனால் அவை இப்போதும் ‘குருவி’களையேதான் பயன்படுத்துகின்றன. பிடிபடுபவர் பத்தாண்டு உள்ளே போவது கும்பலுக்கு நட்டமில்லை; அடுத்த ஏழை கிடைத்துவிடுவார். மாறாக, உண்மையைச் சொன்னால் தண்டனை குறையும் என்ற வாய்ப்பு இருந்தால்தான் ‘குருவி’க்கு அந்தக் கைப்பேசி எண்ணைத் தாண்டிப் பேசக் காரணம் இருக்கும். உலகெங்கும் போதைப்பொருளுக்கு எதிரான போர் என்று முழங்கி 1986இல் கொடூரமான குறைந்தபட்சத் தண்டனைகளை விதித்த அமெரிக்காவே, 1994இல் வன்முறையில் ஈடுபடாத, கீழ்மட்ட முதல் குற்றவாளிகளுக்குக் குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்க நீதிபதிகளுக்கு வழிவிட்டது. 2018இல் அதை மேலும் விரிவாக்கியது. கறுப்பின மக்களால் சிறைகள் நிரம்பிய பிறகு வந்த ஞானம் அது. ‘புல்டோசர் நீதி’யில் மயங்கிக் கிடக்கும் இங்குள்ள ஆட்சியாளர்கள் அதை மட்டும் இறக்குமதி செய்ய மறுக்கிறார்கள்.

ஆகவே போதை எதிர்ப்புப் பிரச்சாரத்தின் கோரிக்கைப் பட்டியலில் சில வரிகள் சேர வேண்டியிருக்கிறது. முதல் குற்றமாகவும் வெறும் சுமப்பவராகவும் இருந்தால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்து குறைந்தபட்சத்துக்குக் கீழே தண்டனை விதிக்க நீதிபதிக்கு அதிகாரம் வேண்டும். 33ஆம் பிரிவும், கழிவைத் தடுக்கும் 32ஏ பிரிவும், ஜாமீனை மறுக்கும் 37ஆம் பிரிவின் இரட்டை நிபந்தனையும் நீக்கப்பட வேண்டும். சொந்த உபயோகம் குற்றப் பட்டியலிலிருந்து சுகாதாரத் துறைக்கு மாற வேண்டும். 2021 அக்டோபரில் சமூகநீதி அமைச்சகமே ஏறத்தாழ இதைத்தான் பரிந்துரைத்ததாகச் செய்திகள் வந்தன. இரண்டு மாதம் கழித்து இதே சட்டம் நாடாளுமன்றத்தின் மேசைக்கு வந்தபோது, அந்த ஓர் எழுத்தைத் தவிர வேறெதையும் அரசு திருத்தவில்லை.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் சிறையிலேயே கிடப்பவர்களின் விவரத்தைச் சிறை நிர்வாகம் மாவட்டச் சட்டப்பணி ஆணைக்குழுவுக்குத் தர வேண்டும் என்றும், ஒரு மாதத்துக்குள் பிணை தர முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றங்கள் தாமாகவே பரிசீலிக்கலாம் என்றும் 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் வழிகாட்டியது. பல மாவட்டங்களில் இதைக் கேட்பார் இல்லை. வழக்கறிஞர் சங்கத் தோழர்களும் மாவட்டக் குழுக்களும் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கலாம். அதில் தங்கள் வட்டாரத்துப் பெயர் எதுவும் இல்லாத கிளை இருக்குமா என்பது சந்தேகமே.